வழவழப்பு எவ்வளவு வேண்டும்? உராய்வைப் பற்றிய ஒரு பழைய வழக்கு

2002-ஆம் வருடம். நான் படித்தது மெக்கானிக்கல், வேலைக்குச் சேர்ந்தது சாஃப்ட்வேரில். என் செட்டில் பாதிப்பேர் கதை இதுதான். ஆபீஸ் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து கொஞ்சம் டேட்டா எடுக்கவேண்டியிருந்தது. ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க் சுற்றவே இல்லை. 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். சிஸ்டம் அட்மினாக இருந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "கழட்டிக் குடு தம்பி" என்று வாங்கி, டிஸ்கை உள்ளங்கையில் படுக்கவைத்து, பூட்டைத் திறப்பது போல மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். மறுபடி மாட்டினோம். சுற்றியது! "ஒட்டிக்கிச்சுப்பா. உடனே காப்பி எடுத்துக்கோ, நடுவுல ஆஃப் பண்ணிடாதே" என்றார்.

எது எதோடு ஒட்டிக்கொண்டது? அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்குகளில் கரண்ட் நின்றதும், டேட்டாவைப் படிக்கும் ஹெட் தட்டின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். தட்டும் வழவழப்பு, ஹெட்டின் அடிப்பக்கமும் வழவழப்பு. தேய்மானத்தைத் தடுக்க நடுவில் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு மசகுப் படலம். இதோடு காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டால், ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போல ஹெட்டும் தட்டும் ஒட்டிக்கொள்ளும். சின்ன மோட்டாரால் அதைப் பிய்க்க முடியாது.

இது எனக்கு உறுத்தியது. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன் மனதில் பதிந்திருந்தது ஒரே கணக்குதான். சொரசொரப்பு அதிகமானால் உராய்வு அதிகம். பாலிஷ் போட்டால் குறையும். எண்ணெய் விட்டால் இன்னும் குறையும். இங்கே பாலிஷும் இருக்கிறது, மசகும் இருக்கிறது, ஆனால் மோட்டார் திணறுகிறது! யோசித்துப் பார்த்தால் காலேஜ் மெட்ராலஜி லேபிலேயே இதைக் கையால் செய்திருக்கிறோம். ஸ்லிப் கேஜ் கட்டைகள் இரண்டைத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்துத் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும். மேல் கட்டையைத் தூக்கினால் கீழ்க் கட்டையும் கூடவே வரும். மார்க்குக்காகச் செய்தோமே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

அதை ரொம்ப நாள் கழித்துத்தான் தேடிப் படித்தேன். இது 200 வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு வழக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வழக்கு 1699-இல் பாரிஸில் தொடங்குகிறது. கியோம் அமோந்தோன் என்பவர், சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர், அங்கிருந்த அறிவியல் அகாடமியில் ஒரு கட்டுரை வாசித்தார். இரண்டு முடிவுகள் சொன்னார். ஒன்று, உராய்வு என்பது சுமைக்கு நேர் விகிதம். இரண்டாவது, உராயும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிமிர்த்திவைத்து இழுத்தாலும் ஒரே விசைதான். இந்த இரண்டாவது முடிவை அகாடமியால் சட்டென்று நம்ப முடியவில்லை. லா ஹீர் என்ற இன்னொரு உறுப்பினர் திரும்பச் செய்து பார்த்து, சரிதான் என்றார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. செம்பு, இரும்பு, ஈயம், மரம் என்று அமோந்தோன் சோதித்த பரப்புகள் எல்லாவற்றிலும் பழைய பன்றிக் கொழுப்பு தடவியிருந்தது. நாம் பாடப்புத்தகத்தில் 'உலர் உராய்வு விதி' என்று படிக்கிறோமே, அது பிறந்ததே கொழுப்பு தடவிய பரப்பில்தான்!

விதி சரி, காரணம்? அமோந்தோன் சொன்னது எளிமையானது. எந்தப் பரப்பிலும் மேடு பள்ளம் உண்டு. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். நகர்த்தவேண்டுமானால் அந்தக் குட்டி மலைகளின்மேல் சுமையை ஏற்றி இறக்கவேண்டும். ஆக உராய்வுக்குக் காரணம் சொரசொரப்பு. மலைகளைச் செதுக்கிவிட்டால் உராய்வும் போய்விடும். என் மனதில் இருந்ததும் இதே கணக்குதான்.

அடுத்த கால் நூற்றாண்டுக்குள் லண்டனில் ஒரு எதிர்க்குரல் கேட்டது. ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியே, ராயல் சொசைட்டியில் பரிசோதனைகள் செய்துகாட்டிய, நியூட்டனோடு நெருங்கிப் பழகிய மனிதர். இரண்டு ஈயக் குண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீவலைச் சீவி, அந்தப் புதுப் பரப்புகளைச் சேர்த்துக் கையால் அழுத்தித் திருகினார். ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பல பவுண்டு எடை தொங்கவிட வேண்டியிருந்தது. 1734-இல் வந்த தன் பாடநூலில் இன்னொன்றையும் குறித்தார். உலோகத்தை ஓர் அளவுக்குமேல் பாலிஷ் போட்டால் உராய்வு குறைவதற்குப் பதில் கூடலாம். அதாவது உராய்வுக்கு மலைகள் மட்டும் காரணம் இல்லை, ஒட்டும் குணமும் ஒரு காரணம்.

அவர் சொன்னது சரி. ஆனால் அந்தக் கட்சி தோற்றது. தோற்கடித்தவர் சாதாரண ஆள் இல்லை, ஷார்ல் கூலோம்ப். மின்னூட்டத்துக்கு அலகாக வைத்திருக்கிறோமே, அவரேதான். ராணுவ இஞ்சினியர். ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் பெரிய சுமைகளை வைத்துச் சோதித்து, 1781-இல் அகாடமியின் பரிசை வாங்கினார். ஒட்டுதல் காரணமாக இருக்கலாமோ என்று அவரும் யோசித்தார். பிறகு ஒரே வாதத்தில் தள்ளிவிட்டார். ஒட்டுதல்தான் காரணம் என்றால், தொடும் பரப்பு கூடக்கூட உராய்வும் கூடவேண்டும். கூடவில்லையே! ஆகவே மேடு பள்ளம்தான் காரணம்.

எவ்வளவு சுத்தமான வாதம் பாருங்கள். அளவீடும் தப்பில்லை, தர்க்கமும் தப்பில்லை. தப்பு எங்கே என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மலைக் கட்சியிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1804-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி அதைக் காட்டினார். சுமை மலைமேல் ஏறும்போது சக்தி செலவாகிறது, சரி. இறங்கும்போது அது திரும்பக் கிடைத்துவிடுமே? மொத்தக் கணக்கில் உராய்வே இருக்கக் கூடாதல்லவா? பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. கேள்வி அப்படியே கிடந்தது.

இதற்கிடையில் ரயில் வந்துவிட்டது. உராய்வு என்பது தத்துவ விசாரணையாக இல்லாமல் நிலக்கரிச் செலவாகவும் தேய்ந்துபோன அச்சுகளாகவும் மாறியது. இங்கிலாந்தின் மெக்கானிக்கல் இஞ்சினியர்கள் சங்கம் இதை ஆராய ஒரு குழு போட்டு, வேலையை போஷாம்ப் டவர் என்பவரிடம் கொடுத்தது. சுற்றும் ஷாஃப்டின் மேல் பாதியில் மட்டும் ஒரு பித்தளை பேரிங் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்டின் அடிப்பக்கம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். இதுதான் ஏற்பாடு. உராய்வு நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தது, சுமையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்.

பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக டவர் ஒரு துளை போட்டார். மெஷினை ஓட்டினால், துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் மேலே ஏறி வழிந்தது. கார்க் வைத்து அடைத்தார். தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்துச் சொருகினார். அதுவும் வந்தது! பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தார். பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. 200 பவுண்டு வரை காட்டக்கூடிய கேஜின் முள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அதாவது பித்தளை ஷாஃப்டின்மேல் உட்காரவே இல்லை. எண்ணெய்மேல் மிதந்துகொண்டிருந்தது. வருடம் 1883.

1886-இல் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஆப்பு போலக் குறுகிக்கொண்டே போகிறது. சுற்றும் ஷாஃப்ட் எண்ணெயை அந்த ஆப்புக்குள் இழுத்துத் திணிக்கிறது. இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது, சுமையைத் தூக்குகிறது. இன்றுவரை பேரிங் டிசைன் செய்பவர்கள் தொடங்கும் இடம் ரெனால்ட்ஸ் சமன்பாடுதான்.

ஆனால் அந்தச் சமன்பாட்டில் பரப்புகள் இரண்டும் பூரண வழவழப்பு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அமோந்தோன் கட்சிக்கு உராய்வு முழுக்க முழுக்க மேடு பள்ளம். ரெனால்ட்ஸ் கட்சிக்கு மேடு பள்ளம் என்ற பேச்சே கிடையாது. அவரவர் பரிசோதனையில் இரண்டு பேர் சொல்வதும் சரியாக வருகிறது. எப்படி?

ஜெர்மனியில் ரிஷார்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் வெளியிட்ட வரைபடத்தில் இரண்டு கட்சிகளும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பேரிங்கின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உராய்வு முதலில் சரசரவென்று இறங்கும். ஓர் இடத்தில் அடி தொடும். பிறகு மெல்ல ஏறும். வலது பக்கம் ரெனால்ட்ஸின் ராஜ்யம். அங்கே படலம் முழுசாக இருக்கிறது, உராய்வு என்பது எண்ணெய்க்குள் நடக்கும் இழுபறி. இடது கோடியில் படலம் உடைந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. 1922-இல் உடலியலிலிருந்து இந்தப் பக்கம் வந்த வில்லியம் ஹார்டி, ஐடா டபிள்டே என்ற இணை ஆய்வாளரோடு சேர்ந்து, அந்த இடது கோடியிலும் பரப்பில் ஒட்டிக்கொண்ட மெல்லிய மூலக்கூறு அடுக்கு காப்பாற்றுகிறது என்று காட்டினார். மூலக்கூறின் சங்கிலி நீளம் கூடக்கூட உராய்வு குறைந்தது.

அப்படியானால் நடுவில் படலம் எந்த இடத்தில் உடைகிறது? படலம் மலைகளைவிட உயரமாக இருக்கும்வரை உடையாது என்பது குழந்தைக்கும் புரியும். சிக்கல் என்னவென்றால், மலை எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியாது! 230 வருஷமாக மேடு பள்ளத்தின்மேல் பழி போட்டவர்களில் ஒருவர்கூட அதை அளந்து பார்த்ததில்லை. பட்டறையில் நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். டிராயிங்கில் முக்கோணம் போடுவார்கள், ஒன்று என்றால் கரடு, மூன்று நான்கு என்றால் நயம். அவ்வளவுதான் அளவு.

1929-இல் ஜெர்மனியில் குஸ்டாவ் ஷ்மால்ட்ஸ் ஓர் ஊசியைப் பரப்பின்மேல் நகர்த்தி, அதன் ஏற்ற இறக்கத்தை ஒளிக்கற்றையால் பெரிதாக்கிப் பதிவு செய்தார். அமெரிக்காவின் மிச்சிகனில் எர்னஸ்ட் அபட், ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் இருவரும் 1933-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மலைத்தொடரை உச்சியிலிருந்து கீழே சீவிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு ஆழத்திலும் எத்தனை சதவீதம் உலோகம் தட்டுப்படும் என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். 1941-இல் இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் கம்பெனி ரிச்சர்ட் ரீசன் வடிவமைத்த டாலிசர்ஃப் கருவியைக் கொண்டுவந்தது. லேபில் வைர ஊசி நகர்வதைப் பார்த்து ஆர்.ஏ மதிப்பை நோட்டில் எழுதினோமே, அந்தக் கருவிகளின் பாட்டன் இதுதான்.

அபட் வளைகோடு ஏன் முக்கியம்? ஆர்.ஏ என்பது வெறும் சராசரி. சமதரையில் அங்கங்கே ஊசிமுனை நிற்கும் ஒரு பரப்பு, அதே சமதரையில் அங்கங்கே பள்ளம் வெட்டிய இன்னொரு பரப்பு. இரண்டுக்கும் ஒரே ஆர்.ஏ வரலாம். முதலாவது எதிர்ப் பரப்பைக் கீறும். இரண்டாவது எண்ணெயைத் தேக்கி வைக்கும். வளைகோடு இதைப் பிரித்துக் காட்டிவிடும்.

இப்போது கூலோம்பின் வாதத்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடன், டேவிட் டேபர் இருவரும் ஒன்றையொன்று தொடும் உலோகங்கள் வழியே மின்சாரம் பாய்ச்சி, நிஜமாகத் தொடும் இடம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு 1939-இல் வெளியிட்டார்கள். மலைத்தொடர் ஒன்றைக் கவிழ்த்து இன்னொரு மலைத்தொடரின்மேல் வைத்தால் எப்படியோ அப்படி. சில உச்சிகள் மட்டுமே தொடும். அந்த உச்சிகள், சுமையைத் தாங்கப் போதுமான பரப்பு கிடைக்கும்வரை நசுங்கும், அத்தோடு நின்றுவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். மெதுவான எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ சுமைக்குத் தேவையான நிஜத் தொடுபரப்பு 0.2 சதுர மி.மீ. அந்தக் கட்டையின் அடிப்பரப்பு 2000 சதுர மி.மீ என்றால், தொடுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கட்டையை நிமிர்த்தி வைத்தாலும் அதே 0.2 தான். சுமையை இரட்டித்தால் 0.4.

அவ்வளவுதான், வழக்கு உடைந்துவிட்டது. அந்த உச்சிகளில் உலோகம் உலோகத்தோடு ஒட்டுகிறது. அந்த ஒட்டுகளை அறுக்கத் தேவைப்படும் விசைதான் உராய்வின் பெரும்பகுதி. அது நிஜத் தொடுபரப்புக்கு விகிதம். நிஜத் தொடுபரப்போ சுமைக்கு விகிதம். அமோந்தோனின் இரண்டு விதிகளும் ஒட்டுதலிலிருந்தே வந்துவிடுகின்றன. அறுத்த ஒட்டுக்குச் செலவான சக்தி வெப்பமாகப் போய்விடுகிறது, திரும்ப வராது. லெஸ்லியின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. டெசாகுலியே தோற்று 150 வருஷம் கழித்து ஜெயித்தார்.

புரோகிராமர்களுக்குப் புரியும்படி சொன்னால், கூலோம்பின் தப்பு ஒரு வேரியபிள் பெயரில் இருந்தது. 'பரப்பு' என்று ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்களை வைத்திருந்தார். கண்ணால் பார்த்த பரப்பு ஒன்று, தொடும் பரப்பு இன்னொன்று. லாஜிக்கை எத்தனை தடவை சரிபார்த்தாலும் இந்த மாதிரி பக் கண்ணில் படாது. உள்ளே இருக்கும் மதிப்பை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்கப்புறம் எண்ணெய்க் கட்சியையும் மலைக் கட்சியையும் சேர்ப்பது சுலபமானது. படலத்தின் தடிமனை இரண்டு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் ஒரு எண் வரும், அதை லாம்டா என்பார்கள். 3-க்கு மேல் என்றால் பெரும்பாலும் தொடாது. 1-க்குக் கீழே என்றால் உச்சிகள் மோதும். உதாரணமாக, ஒரு பல்சக்கரத்தில் படலம் 0.5 மைக்ரான். இரண்டு பற்களின் சொரசொரப்பும் 0.4 மைக்ரான் வீதம் என்றால் கூட்டுச் சொரசொரப்பு சுமார் 0.57, லாம்டா 0.9. ஆபத்து. பற்களை 0.1 மைக்ரானுக்கு நயமாக்கினால் லாம்டா 3.5. எண்ணெயும் அதே, சுமையும் அதே, ஆனால் சக்கரம் பிழைத்துக்கொள்ளும். அதே சமயம், 50 மைக்ரான் படலத்தில் மிதக்கும் ஒரு பேரிங்குக்கு இந்தப் பாலிஷ் வெட்டிச் செலவு. 1966-இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் பிரிட்டன் ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அறிக்கை கொடுத்தது. அந்தத் துறைக்கு டிரைபாலஜி என்ற பெயரைப் பரப்பியதும் அந்த அறிக்கைதான்.

1978-இல் பதிர், செங் இருவரும் ரெனால்ட்ஸின் சமன்பாட்டுக்குள்ளேயே மேடு பள்ளத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதில் தெரிந்த முக்கியமான விஷயம், கோடுகளின் திசை. ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்கும் மேடுகள் வரப்பு போல எண்ணெயைத் தடுத்து நிறுத்தும். ஓட்டத்தோடு போகும் கோடுகள் வாய்க்கால் போல வடியவிடும்.

இதையெல்லாம் நான் படிப்பதற்கு ரொம்ப முன்னால், என் பைக்கின் சிலிண்டரை ரீபோர் செய்யக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். பாதியில் விட்டுவிட்டார்களோ என்று நினைத்து, "இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி பண்ணிடலாமே அண்ணே" என்றேன். லேத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருந்தா ஆயில் எங்க சார் நிக்கும்?"

பிஸ்டன் மேலேயும் கீழேயும் திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். ஆப்பும் இல்லை, மிதப்பும் இல்லை. அந்தக் கணத்தில் கீறலுக்குள் தேங்கிய எண்ணெய்தான் துணை. இப்போதெல்லாம் முதலில் கரடான கல்லால் பள்ளம் கீறி, பிறகு நயமான கல்லால் உச்சிகளை மட்டும் சீவிவிடுகிறார்கள். அபட் வளைகோட்டில் போட்டுப் பார்த்தால் அவர்கள் செய்வது துல்லியமாகத் தெரியும். லேத்துக்காரருக்கு அந்த வளைகோடு தேவைப்படவில்லை.

ஹார்ட் டிஸ்க் என்ன ஆயிற்று? 1990-களில் தட்டின் ஓர் ஓரத்தை ஹெட் இறங்குவதற்கென்றே ஒதுக்கி, அந்த வட்டத்தில் மட்டும் லேசரால் நானோமீட்டர் உயரத்தில் குட்டிக் குட்டி மேடுகளை எழுப்பினார்கள். ஹெட் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காரும். தொடும் பரப்பு குறைந்தது, ஒட்டுவதும் குறைந்தது. பிறகு ஹெட்டைத் தட்டைவிட்டே வெளியே எடுத்து நிறுத்தும் சாய்தளம் வந்து, அந்த மேடுகளும் தேவையில்லாமல் போயின. எனக்கு டிஸ்கைத் திருப்பிக் கொடுத்த அண்ணனிடம் இதை ஒருநாள் சொன்னேன். "அன்னைக்கு டேட்டா வந்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றார். வந்தது.